மூன்று டப்பா பாஸ்தா

கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருக்கும் கனகாவுக்கு முப்பத்தாறு வயது. ஏற்காட்டிலிருந்து கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்குகிற மினி பஸ்ஸை அவள்தான் ஓட்டுகிறாள். அவள் கணவன் அங்கப்பன், அதே எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன். பதினைந்து வருடம் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தியும், தன் பெண்டாட்டி எப்பேர்ப்பட்டவள் என்று தனக்குப் பாதிகூடத் தெரியாது என்பது அங்கப்பனுக்குப் போன ஐப்பசியில்தான் புரிந்தது.

கனகா பிறந்து வளர்ந்ததும் அதே லைனில்தான். அவள் அப்பா எஸ்டேட் பிக்கப் வண்டியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் காப்பி காயவைக்கும் களத்துக்குப் போய், அங்கே நிற்கும் வண்டிக்குள் ஏறி, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். கை எதையும் தொடாது. கண் மட்டும் டிரைவரின் கால்களை விட்டு நகராது. பதினெட்டு வயதில் ஒரு நாள், டிரைவர் காய்ச்சலில் கிடந்த நேரம் பார்த்து மழை திரண்டு வந்தது. களத்தில் நாற்பது மூட்டை கிடந்தது. ஆள் அனுப்பி வேறு டிரைவரைக் கூட்டிவருவதற்குள் கனகா வண்டியைக் கிளப்பிவிட்டாள். ஐந்து நடையில் அத்தனை மூட்டையும் கிட்டங்கிக்குப் போய்விட்டது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சூசைமாணிக்கம் குடையோடு ஓடிவந்தபோது அவள் கடைசி நடைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

“யாரு கண்ணு உனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தது?” என்று அவர் கேட்டார்.

“ஆருமில்லீங்க. பாத்துட்டே இருந்தனுங்க.”

அவர்தான் பிறகு லைசென்ஸுக்கு எழுதிப்போட்டார். கல்யாணமாகி, சசிரேகா பிறந்த பிறகு, கனரக வண்டி லைசென்ஸும் எடுத்தாள். ஆனால் பெண்பிள்ளைக்கு யார் பஸ் கொடுக்கிறார்கள்? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், ஏரிக்குப் பக்கத்தில் ஒரு காட்டேஜில் சமையல்கட்டு உதவிக்குச் சேர்ந்தாள். மூன்று வருடம் பாத்திரம் கழுவினாள், காய் நறுக்கினாள். அங்கேயும் கண் சும்மா இருக்கவில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் வெள்ளை சாஸில் பாஸ்தா கேட்பார்கள். சமையல்காரர் அதைச் செய்யும்போது கனகா அடுப்புக்கு எதிரில் நின்று பீன்ஸ் நறுக்குவாள்.

போன மாசி மாதம் மினி பஸ்ஸின் டிரைவர் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். முதலாளி ஒரு வாரம் ஆள் தேடினார். எட்டாம் நாள் கனகா லைசென்ஸை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். அவர் அவளை ஒரு நடை ஓட்டச் சொல்லி, பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். குப்பனூரில் இறங்கும்போது, “நாளைக்கி ஆறு மணிக்கு வண்டி எடுக்கோணும், தெரியுமில்ல?” என்று மட்டும் சொன்னார்.

ஆறு மணிக்கு வண்டி எடுக்க வேண்டுமென்றால் நாலரைக்கு எழுந்தாக வேண்டும். கடைசி நடை முடித்து வீடு திரும்ப எட்டாகிவிடும். அங்கப்பனுக்கும் காப்பி பறிக்கிற காலத்தில் பல்ப்பர் ஏழு மணி வரை ஓடும். சசிரேகாவுக்குப் பதிமூன்று வயது, தினேஷுக்கு எட்டு. இரண்டும் ஐந்து மணிக்கு வந்து, காலையில் ஆக்கிவைத்த ஆறிப்போன சோற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடும். ஒரு நாள் கனகா வந்தபோது தினேஷ் யூனிபார்மோடு தரையில் தூங்கிக்கொண்டிருந்தான். கையில் சிப்ஸ் பாக்கெட் அப்படியே இருந்தது. அவள் பாக்கெட்டை எடுத்து வைத்துவிட்டு, அவனைத் தூக்கிப் பாயில் போட்டாள். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ குழல் பாஸ்தா, வெண்ணெய், மைதா, மூன்று லிட்டர் பால், சீஸ் எல்லாம் வாங்கிவந்து அடுப்படியில் பரப்பினாள்.

“இதெல்லாம் ஆருக்கு?” என்றான் அங்கப்பன்.

“நம்முளுக்குத்தானுங்க. திங்கள், செவ்வாய், புதன் மூணு நாளு சாயங்காலத்துக்கு.”

“இன்னிக்கு ஆக்குனா புதங்கெழமைக்கு என்னத்துக்கு ஆவும்?”

“நின்னு பாருங்க.”

அங்கப்பன் நின்று பார்த்தான். அகலமான சட்டியில் வெண்ணெய் உருகியது. நசுக்கிய பூண்டு போட்டாள். மைதாவைத் தூவி, தீயைத் தணித்து, பச்சை வாசம் போகும் வரை கிளறினாள். பிறகு ஆறிய பாலை ஒரு டம்ளர் ஊற்றினாள். சட்டியில் இருந்தது கூழாகத் திரண்டு உருண்டது. கெட்டுப்போயிற்று என்று அங்கப்பன் நினைத்தான். அவள் கை நிற்கவில்லை. இன்னொரு டம்ளர், இன்னொரு டம்ளர். உருண்டு கிடந்த மாவு பாலுக்குள் கரைந்து காணாமல் போய், சட்டி முழுக்க ஒரே வெள்ளையாக, பளபளப்பாக, ஒரு கட்டிகூட இல்லாமல் அலையடித்தது. எஸ்டேட் மிளகை இடித்துப் போட்டாள். வதக்கிவைத்த கேரட், பீன்ஸ், சௌசௌ எல்லாம் போட்டாள். சௌசௌ அவர்கள் வீட்டுக் கொல்லைப் பந்தலில் காய்த்தது. காட்டேஜ் சமையல்காரர் பார்த்தால் சிரித்திருப்பார்.

பாஸ்தாவை முக்கால் வேக்காட்டில் வடித்தாள். கடித்துப் பார்த்த அங்கப்பன், “நடுவுல வேகலியே” என்றான்.

“வேகக்கூடாதுங்க. மூணு நாளு சாஸுக்குள்ளயே கெடக்கோணும். இப்பவே வெந்துருச்சுன்னா களியாப் போயிரும்.” சாஸையும் அவள் தண்ணீராகத்தான் வைத்தாள். “நம்ம கண்ணுக்கு இது நொம்பத் தண்ணியாத் தெரியோணும். பாஸ்தா குடிச்சுக்கும். குடிச்சது போக மிச்சம் இருக்கோணுமில்லீங்க.”

நன்றாக ஆறவைத்து, மூன்று டப்பாவில் நிரப்பி, பிரிட்ஜில் அடுக்கினாள். திங்கட்கிழமை சாயங்காலம் சசிரேகா டப்பாவைத் திறந்தாள். உள்ளே வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. அம்மா சொன்னபடி வாணலியில் போட்டு, முக்கால் டம்ளர் பால் ஊற்றி, சின்னத் தீயில் வைத்துக் கிளறினாள். இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்திலிருந்து இளகத் தொடங்கி, ஒவ்வொரு குழலாகப் பிரிந்து, நேற்று அடுப்பிலிருந்து இறக்கியபோது இருந்த அதே பளபளப்பு திரும்ப வந்தது. பல்ப்பரிலிருந்து வந்த அங்கப்பன் கை கழுவாமலே வாணலியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். எந்திரத்தில் நின்றுபோனதை ஓடவைக்கிறவன் அவன். ஆனாலும் முக்கால் டம்ளர் பாலில் இறுகினது உயிர் பெற்று வருவதை அவன் எங்கேயும் பார்த்ததில்லை.

அதன் பிறகு வாரம் தவறாமல் மூன்று டப்பா. வியாழன், வெள்ளிக்கு மட்டும் சோறும் குழம்பும்.

புரட்டாசியில் லீவு வந்து டூரிஸ்ட் கூட்டம் ஏறியது. முதலாளி ஞாயிற்றுக்கிழமையும் வண்டி எடுக்கச் சொன்னார். அங்கப்பன், “நான் செய்யறேன்” என்றான். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் பாலைக் கொதிக்கக் கொதிக்க மொத்தமாகக் கவிழ்த்தான். கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கட்டி தட்டியது. இரண்டாம் வாரம் பாஸ்தாவை நன்றாக வேகவிட்டுவிட்டான். செவ்வாய்க்கிழமை டப்பாவைத் திறந்தபோது கரண்டியால் வெட்டி எடுக்கிற பதத்தில் இருந்தது. பிள்ளைகள் முகம் சுளிக்காமல் தின்றது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் வாரம் கனகாவின் வண்டி ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பத்து நிமிடத்தில் அவளுக்குப் போன் போட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டே கிளறினான்.

“கரண்டிய எடுத்து அதும் முதுகுல வெரலால ஒரு கோடு இழுங்க” என்றாள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. “கோடு மூடிக்குதுங்களா?”

“மெதுவா மூடிக்குது.”

“அதே பதந்தானுங்க. இறக்கிருங்க. நான் வண்டி எடுக்கறேன்.”

அந்த வாரம் தினேஷ் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் பெய்து, திங்கட்கிழமை மத்தியானம் நின்றது. மழை விட்ட இடத்தில் பனி இறங்கியது. ஐந்தே முக்காலுக்கே அடுத்த லைன் தெரியவில்லை. எஸ்டேட்டில் அன்று பறிப்பு இல்லாததால் அங்கப்பன் வீட்டில் இருந்தான். முந்தின நாள் அவன் செய்துவைத்த மூன்றில் முதல் டப்பாவை சசிரேகா பிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். அப்போது மினி பஸ் கண்டக்டர் செல்லப்பன் கூப்பிட்டார்.

“தம்பி, பதறாதீங்க. எல்லாரும் நல்லாத்தான் இருக்கறம். நம்மூருக்குக் கீழ ரெண்டு வளைவு தாண்டி ரோட்டுல பாறை சரிஞ்சு கெடக்குது, மரமும் விழுந்துருச்சு. கீழ போக வழியில்ல. வண்டியத் திருப்ப எடமும் இல்ல. கனகா பின்னுக்கே எடுத்து மேல கொண்டாந்தர்றேங்குது. பல்ப்பர்ல பெரிய டார்ச் இருக்குமே, அதயக் கொண்டாங்க.”

“எத்தன பேருங்க வண்டில?”

“இருவத்தாறு. எல்லாரும் எறங்கி நடந்து மேல வர்றாங்க. அதுல பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எட்டு. பசியில மொகம் வாடிப்போய்க் கெடக்குதுங்க.”

சசிரேகா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அப்பா டார்ச்சுக்கு ஓடுவதற்குள் அவள் மூன்று டப்பாவையும் இரண்டு பாக்கெட் பாலையும் பையில் போட்டுவிட்டாள்.

“மூணையுமா?” என்றான் அங்கப்பன்.

“ஆமாப்பா. நாங்க ரெண்டு பேரும் ஜெயமேரியக்கா கடைக்குக் கொண்டுபோயிர்றம். அங்க பெரிய அடுப்பு இருக்குது. நீங்க அம்மாகிட்டப் போங்க.”

ஜெயமேரியின் டீக்கடை ரோட்டுமேல், எஸ்டேட் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு அங்கப்பன் எக்செல் மொபெட்டில் கீழே இறங்கினான். பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராக, செல்போன் வெளிச்சத்தில், மலை ஓரத்தைத் தொட்டுக்கொண்டு ஏறிவந்தார்கள். அவர்களைத் தாண்டி இரண்டாம் வளைவுக்கு வந்தபோது முதலில் அவனுக்கு பஸ் தெரியவில்லை. எஞ்சின் சத்தம்தான் கேட்டது.

எந்திரத்தின் சத்தத்தை வைத்தே அதன் உடம்பு நிலையைச் சொல்லிவிடுவான் அங்கப்பன். பல்ப்பரில் ஒரு பேரிங் தேய்ந்தால் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடிப்பான். பனிக்குள்ளிருந்து வந்த அந்தச் சத்தத்தில் ஒரு தடவைகூட அலறல் இல்லை. பயந்தவன் மிதித்தால் எஞ்சின் கத்தும். இது கத்தவில்லை. அளந்து அளந்து மூச்சு விடுகிற மாதிரி ஏறிவந்தது. பிறகு இரண்டு சிவப்பு விளக்குகள் பனியில் கலங்கித் தெரிந்தன.

செல்லப்பன் மலைப்பக்கம் நின்று விசில் ஊதினார். அங்கப்பனைப் பள்ளத்துப் பக்கம் நிற்கச் சொன்னார். அவன் டார்ச்சை ரோட்டின் விளிம்பில் காட்டினான். மழையில் ஊறிய விளிம்பு காலுக்குக் கீழே கேக் மாதிரி அமுங்கியது. அதற்கப்பால் வெறும் வெள்ளை. கனகா ஜன்னலில் இடுப்பு வரை வெளியே சாய்ந்து, பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பனி நீர் வழிந்தது. அவனைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“பின் சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் எவ்வளவு இருக்குதுங்க?” என்று கேட்டாள்.

“ஒரு மொழம்.”

“உங்க மொழமா, என் மொழமா?”

அங்கப்பனுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “உன் மொழந்தான்.”

“அப்பச் சரி.”

வளைவில் நேராகப் பின்னுக்கு எடுக்க முடியாது. வண்டியின் பின்பாகம் பள்ளத்தின்மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். சக்கரம் மட்டும் ரோட்டில் இருக்கும். அவள் கொஞ்சம் பின்னுக்கு, கொஞ்சம் முன்னுக்கு, ஸ்டியரிங்கை ஒடித்து மறுபடி பின்னுக்கு என்று ஏழு தடவை எடுத்தாள். ஐந்தாம் தடவை பஸ்ஸின் பின்கண்ணாடி அங்கப்பனுக்குப் பக்கத்தில் விளிம்பைத் தாண்டிப் போய் வெறும் பனியில் நின்றது. அவன் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ‘நிறுத்து’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வெளிச்சத்தைச் சக்கரத்தின்மேல் காட்டினான்.  சக்கரம் ஒரு முழத்தில் வந்து, அரை முழத்தில் நின்று, திரும்ப ஒரு முழத்துக்குப் போனது. டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சக்கரம் மண்ணை ஒரு கைப்பிடிகூடச் சரியவிடாமல் உருண்டதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கோயிலில் திரை விலகும்போது நிற்கிற மாதிரி நின்றான். தினமும் காலையில் இவள் இரண்டு தோசையை நின்றுகொண்டே பிய்த்துத் தின்றுவிட்டுக் கிளம்பிப்போவது இந்த வேலைக்குத்தானா என்று நினைத்தான்.

இரண்டு வளைவும் ஏறி, அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பி, டீக்கடை முன்னால் கொண்டுவந்து நிறுத்த முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கடைக்குள் வேறு ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. ஜெயமேரியின் பெரிய இரும்பு வாணலியில் மூன்று டப்பா பாஸ்தாவும் ஒன்றாகக் கிடந்தது. சசிரேகா கிளறிக்கொண்டிருந்தாள். கொண்டுவந்த பால் போதாமல், ஜெயமேரி டீக்கு வைத்திருந்த பாலிலிருந்து ஒரு செம்பு மொண்டு ஊற்றினாள்.

“இத்தன பால் ஊத்துனா தண்ணியாயிருமே கண்ணு?” என்றாள்.

“ஆகாதுங்கக்கா. கொஞ்ச நேரத்துல குடிச்சுக்கும்.”

அதுவும் குடித்துக்கொண்டது. நால்வருக்கு மூன்று நாளைக்கென்று செய்தது பெருகி, வாணலியின் விளிம்புக்கு வந்து, வெள்ளையாகக் கொப்புளித்தது. மிளகு வாசமும் பூண்டு வாசமும் பனிக்குள் பரவி, வெளியே நின்றவர்களைத் திரும்பிப் பார்க்கவைத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு முதலில் கொடுத்தார்கள். டீ டம்ளரில் போட்டு, ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஸ்பூன் குத்திக் கொடுத்தார்கள். எட்டுப் பிள்ளைகளும் டம்ளரை வழித்துத் தின்றார்கள். பிறகு பெரியவர்களுக்கும் ஆளுக்கு அரை டம்ளர் வந்தது. தலைச்சோலையிலிருந்து மகள் வீட்டுக்குப் போகிற சென்னம்மாள் என்ற மூதாட்டி ஒரு குழலைத் தூக்கிப் பிடித்து, அதன் ஓட்டை வழியாக விளக்கைப் பார்த்தாள். வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

“பால்ல போட்டுருக்குது, ஆனா இனிப்பில்ல. உப்பும் மொளகுமா நல்லாத்தான் இருக்குது” என்று டம்ளரைத் திரும்ப நீட்டினாள். “ஆருங்க பண்ணுனது?”

தினேஷ் அப்பாவைக் கைகாட்டினான். இருபத்தாறு பேரும் அவனைப் பார்த்தார்கள். அங்கப்பனுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

கனகா ஈரச் சேலைமேல் காக்கிச் சட்டையோடு கல்லாப்பெட்டி ஓரத்தில் நின்றே தின்றாள். பாதி தின்ற பிறகு அவன் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், “பச்ச மாவு வாசம் துளிகூட இல்லீங்க” என்றாள். அவள் அவ்வளவுதான் சொன்னாள். அங்கப்பனுக்கு அது போதும்போல இருந்தது. அவளிடம் சொல்ல வேண்டியது அவனிடமும் இருந்தது. அந்தச் சக்கரத்தைப் பற்றி எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் டம்ளரை வாங்கிக் கழுவப் போனான்.

முதலாளி போனில் வந்தார். ஏற்காட்டுக்குத் திரும்பிப் போய், பெரிய ரோட்டின் வழியாகச் சேலம் பக்கம் இறங்கி, ஆட்களைக் குப்பனூரில் விட முடியுமா என்று கேட்டார். கனகா பயணிகளைப் பார்த்தாள். “மெதுவாத்தான் போவன். எல்லாருக்கும் சம்மதந்தானுங்களா?” என்று கேட்டாள். முதலில் பஸ் படியில் காலை வைத்தது சென்னம்மாள்தான்.

“நானும் வரட்டுமா?” என்று அங்கப்பன் கேட்டான்.

“புள்ளைங்களக் கூட்டிட்டு ஊட்டுக்குப் போங்க. அதுங்க இன்னும் திங்கவே இல்ல, பாத்தீங்களா?”

அவன் அதைப் பார்த்திருக்கவில்லை. ஊருக்கெல்லாம் பரிமாறிய சசிரேகாவுக்கும் தினேஷுக்கும் வாணலியில் வழித்தெடுத்த அடிதான் மிச்சம். ஜெயமேரி இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, அந்த அடியோடு சேர்த்துக் கிளறிக் கொடுத்தாள். அதுதான் எல்லாவற்றிலும் ருசி என்று தினேஷ் இன்றுவரை சொல்கிறான்.

கீழ் ரோடு பதினோரு நாள் மூடிக் கிடந்தது. பாறையை உடைத்து, மண்ணை அள்ளி, ஓரத்தில் கல் அடுக்கிய பிறகு பஸ் விட்டார்கள். முதல் நடை ஓடிய சனிக்கிழமை, அங்கப்பன் லீவு போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான். அவள் ஓட்டும் பஸ்ஸில் அவன் போவது அதுதான் முதல் தடவை. செல்லப்பன் டிக்கெட் கிழிக்கலாமா வேண்டாமா என்று தயங்கினார். “கிழிங்கண்ணா” என்றாள் கனகா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டாம் வளைவில் அவன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தான். அன்றைக்கு டார்ச்சோடு நின்ற விளிம்பு தெரிந்தது. அதற்குக் கீழே மரங்களின் உச்சி தெரிந்தது. அந்த உச்சிகளுக்கும் கீழே, நெடுந்தூரத்தில், ஓர் ஓடை நூல் மாதிரி கிடந்தது. ஓடைக்கப்பால் சமவெளி முழுக்க வெயிலில் விரிந்து, வயலும் ஏரியும் ஓட்டு வீடுகளுமாக, பார்வை முடிகிற இடம் வரை போனது. பனிக்குள் வெள்ளையாகத் தெரிந்தது இத்தனையுமா என்று அங்கப்பன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கனகா கியரை மாற்றினாள். பஸ் சத்தமில்லாமல் வளைவைச் சுற்றி இறங்கியது. பின்சீட்டில் இரண்டு பேர் தக்காளி விலையைப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

குப்பனூரில் எல்லாரும் இறங்கிய பிறகும் அவன் உட்கார்ந்திருந்தான். அவள் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“என்னுங்க, மயக்கமா வருதுங்களா? வளைவுல சில பேருக்கு அப்படித்தான்.”

“இல்ல.”

“அப்பறம்?”

“தினமும் இந்த வழியாத்தான் வர்றயா?” என்றான் அங்கப்பன்.

“வேற வழி ஏதுங்க?” என்று சொல்லிவிட்டு, கனகா தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். திரும்பிப் போகிற நடைக்கு ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். அங்கப்பன் எழுந்து, ஒரு பெண்ணின் வாழைத்தார்க் கட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.